காத்திருப்பவருக்காக ஒரு பூட்டு

எந்த இடத்துக்குப் போனாலும் அவர் கண் முதலில் வரிசையின் கடைசியைத்தான் தேடும். முன்னால் நிற்பவருக்கு எப்படியும் வேலை ஆகிவிடும் என்பது போல அவரை விட்டுவிட்டு, நேராகக் கடைசி ஆளிடம் போய், "எப்ப இருந்துங்க நிக்கறீங்க?" என்று கேட்பார். பேக்கரியிலும் கேட்பார், ரேஷன் கடையிலும் கேட்பார், பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவரிடமும் கேட்பார். நாம் "சாப்பிட்டாச்சா" என்று கேட்கிற மாதிரி அவருக்கு அது.

உங்கள் இருவருக்கும் அவரை நினைவிருக்காது. பெரியவள் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சின்னவன் தத்தித் தத்தி நடப்பான். நம் காம்பவுண்டின் மாடி வீட்டில் அவர் குடியிருந்தார். சொந்த ஊர் உடுமலைப்பேட்டைப் பக்கம். கணவர் காற்றாலை பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார், வாரக் கடைசியில்தான் வருவார். நாங்கள் எல்லோரும் அவரை மாடியக்கா என்போம். பெயரை எழுத வேண்டாம், கேட்காமல் எழுதுவது முறையில்லை என்று உங்கள் அம்மா சொல்லிவிட்டாள். அதனால் எழுதவில்லை.

அவர் வேலைக்கு வெளியே போகமாட்டார். காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன். "ஏனுங்க, ஊட்டுக்குள்ளயே இருக்கறீங்க, என்ன வேலைங்க?" என்றேன். "பூட்டு செய்யறேனுங்க," என்றார். அந்த வாரம் மோட்டார் ரூம் பூட்டு திறக்காமல் போனபோது பக்கத்து வீட்டுச் சரசக்கா, "மாடியில ஒருத்தரு இருக்காங்களே, அவங்களைக் கூப்புடுங்க" என்று எல்லோரையும் சிரிக்கவைத்தார். மாடியக்காவும் சிரித்தார். பிறகு இறங்கி வந்து, தேங்காய் எண்ணெய் விட்டு அந்தப் பூட்டையும் திறந்து கொடுத்தார்.

அவர் செய்தது வேறு பூட்டு. எனக்குப் புரிந்த அளவுக்கு எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். தப்பு இருந்தால் பெரியவளே திருத்திக்கொள்.

கம்ப்யூட்டருக்குள் நாம் பார்க்கிற படம், பாட்டு எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குக் கெர்னல் என்று பெயர். யாருக்கு எப்போது எந்த இடம் என்று பிரித்துக் கொடுப்பது அதுதான். கெர்னலுக்குள் பல வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும். ஒரே தகவலை நிறைய வேலைகள் வந்து படிக்கும். எப்போதாவது ஒரு வேலை வந்து அந்தத் தகவலை மாற்றி எழுதும். படிப்பவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து படிக்கலாம், யாருக்கும் நஷ்டமில்லை. எழுதுகிறவர் மட்டும் தனியாகத்தான் உள்ளே போக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்கிற காவல்தான் அந்தப் பூட்டு.

"எங்க பனியன் கம்பெனி அளவு சார்ட் மாதிரிங்களா?" என்று கேட்டேன். செக்கிங் ஹாலில் பலகையில் ஒரு சார்ட் மாட்டியிருக்கும். பனியனின் நீளம் இவ்வளவு, கை இவ்வளவு என்று அதில் இருக்கும். நாங்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒன்றாக நின்று பார்ப்போம். ஆனால் ஆர்டர் கொடுத்தவர் அளவை மாற்றினால் மெர்ச்சண்டைசர் வந்து திருத்துவார். அவர் நீளத்தை மாற்றிவிட்டுக் கையை மாற்றுவதற்குள் ஒருவர் பார்த்துவிட்டுப் போனால், புது நீளமும் பழைய கையுமாக ஒரு கட்டு பனியன் பாஸாகிவிடும். ஒரு தடவை அப்படி ஆகியும் இருக்கிறது.

அவர் தலையை ஆட்டினார். அதேதான் என்றார். பிறகு, அந்த மெர்ச்சண்டைசர் பலகைக்கு முன்னால் யாருமே இல்லாத நேரம் பார்த்துத்தான் திருத்த வேண்டும் என்று வைத்துக்கொண்டால் அவருக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்று என்னைக் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஹாலில் வேலை நடக்கிறவரை ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். பலகை காலியாகவே ஆகாது.

"அதுதானுங்க. அவரு பாட்டுக்கு நின்னுட்டே இருப்பாரு. எல்லாரும் பழைய அளவையே பாத்துட்டுப் போவாங்க," என்றார்.

கெர்னலில் அதுவரை இருந்த பூட்டு அப்படிப்பட்டது. படிப்பவர்கள் எத்தனை பேர் வந்தாலும் உள்ளே விடும், எழுத வந்தவர் வாசலில் நிற்பார். மாடியக்கா வேறு மாதிரி ஒன்று செய்தார். எழுத வந்தவர் வாசலுக்கு வந்து நின்றுவிட்டால், அதற்குப் பிறகு படிக்க வருகிறவர்கள் அவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் படித்து முடித்து வெளியே வரட்டும். பிறகு அவர் போவார். பல நாட்டுக்காரர்கள் கடிதம் எழுதிப் பேசிக்கொண்டு சேர்ந்து செய்கிற கெர்னல் அது. பூட்டுகளுக்குப் பொறுப்பான ஒருவர் அவர்களில் இருந்தார். மாடியக்காவின் பூட்டை அவர் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். அதற்கு முன் மாடியக்கா அந்த வேலையில் செலவழித்த காலத்தை வருஷக்கணக்கில்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் சோதனைக்கு ஓட்டிய கம்ப்யூட்டர்களில் சில, எப்போதாவது, அப்படியே நின்றுபோயின. பிழை என்று எதுவும் காட்டுவதில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கெர்னலின் அடுத்த பதிப்பு வெளிவருவதற்குள் காரணம் தெரியாவிட்டால் இந்தப் பூட்டை எடுத்துவிட்டுப் பழையதையே வைத்துவிடுவேன் என்று பொறுப்பாளர் எழுதிவிட்டார். நாங்கள் மாடியக்காவோடு அதிகம் பழகியது அந்தச் சமயத்தில்தான். சாப்பிடும்போதும் கட்டைவிரலால் மற்ற விரல்களைத் தொட்டு எதையோ எண்ணிக்கொண்டிருப்பார். எத்தனை பேர் உள்ளே, எத்தனை பேர் வெளியே என்று பூட்டு வைக்கிற கணக்கில் எங்கோ தப்பு இருக்கிறது என்று நினைத்து அதையே தேடிக்கொண்டிருந்தார்.

அவரோடு வெளியே போவது லேசான காரியமல்ல. உங்கள் அம்மாவே, "அந்தக்கா கூடப் போனா நம்ம வேலை கடைசியிலதான் ஆகும்" என்பாள். பேக்கரியில் நாங்கள் போய் நின்றதும் கடைக்காரர் பழக்கத்தில் எங்களுக்கு டீயை நீட்டுவார். இவர் அதை வாங்கி, ஓரமாக நிற்கிற ஒடிசாக்காரர் கையில் கொடுத்துவிடுவார். அந்த மனுஷன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு, குடிப்பதா வேண்டாமா என்று நிற்பார். கடைக்காரருக்கு முகம் சிறுத்துப்போகும்.

பெரியவளுக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மாவுக்குத் துணையாக அவரும் கிளினிக்குக்குப் போனார். அங்கே டாக்டர் அறை வாசலில், ஓவர்லாக் தையல் மெஷின் ஊசி விரலில் ஏறிய ஒரு பெண் கட்டுப் போட உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட அறை காலியாக வேண்டும். ஆனால் ரிப்போர்ட் மட்டும் காட்ட வேண்டும், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று மட்டும் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிஷம்தான். அந்தப் பெண் மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். இவர் எழுந்து போய்க் கதவுக்குக் குறுக்கே கையை வைத்துக்கொண்டார்.

"இனி யாரும் போக வேண்டாமுங்க. உள்ள இருக்கறவங்க வெளிய வரட்டும். அப்புறம் இந்தம்மா போவாங்க."

ஒருவர் கோபமாக, "நீங்க யாருங்க, நர்ஸா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. நானும் சும்மா உக்காந்திருக்கறவதான்," என்றார். கையை எடுக்கவில்லை.

நம் காம்பவுண்டில் தொட்டிக்கு முறை வந்ததும் அவரால்தான். நடுவில் தரையோடு தரையாக ஒரு தொட்டி இருக்கிறது அல்லவா, அதற்கு அப்போது குழாய் கிடையாது. எல்லா வீட்டுக்காரரும் வாளியில் கயிறு கட்டி முக்கி எடுப்போம். ஒரே நேரத்தில் நான்கைந்து பேர் எடுத்தாலும் பிரச்சினையில்லை. கழுவும்போது மட்டும் யாரும் எடுக்கக் கூடாது. கழுவ வருகிறவர் செல்லையா அண்ணன். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மற்ற நாளில் சாயப்பட்டறையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோரும் துணி துவைக்கிற நாளும். அவர் பிரஷ்ஷும் பிளீச்சிங் பவுடருமாகப் படியில் உட்கார்ந்திருப்பார். ஒரு குடம்தான் அண்ணா, ஒரே ஒரு வாளிதான் அண்ணா என்று ஒருவர் மாற்றி ஒருவர் எடுப்பார்கள். சாயங்காலம் வரை பார்த்துவிட்டு, "சரி, அடுத்த வாரம் வாரேன்" என்று எழுந்து போய்விடுவார். தண்ணீரில் புழு நெளியத் தொடங்கியது.

மாடியக்கா அவரிடம் எப்போதிலிருந்து உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அன்றே முறை வந்தது. செல்லையா வந்ததும் தன் பிரஷ்ஷைத் தொட்டி மூடியின் மேல் குறுக்காக வைக்க வேண்டும். பிரஷ் இருந்தால் யாரும் வாளி போடக்கூடாது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் தங்கள் வேலையை முடித்துவிட்டுச் சொல்ல வேண்டும். எல்லோரும் முடித்ததும் அவர் இறங்குவார். நன்றாகத்தான் நடந்தது. தண்ணீர் தெளிந்தது. சரசக்கா கூட, பரவாயில்லை, பூட்டுக்காரி நமக்கும் ஒரு பூட்டுப் போட்டுவிட்டாள் என்றார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் கோழிக்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது காம்பவுண்டு முழுக்கத் தொட்டியைச் சுற்றி நின்றது. குடங்கள் வரிசையாக இருந்தன. மூடி மேல் பிரஷ் இருந்தது. செல்லையா படியில் உட்கார்ந்திருந்தார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உங்கள் அம்மா, இடுப்பில் சின்னவன். அவன் தலையில் போட்ட சோப்பு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. அழுது அழுது விக்கல் வேறு வந்துவிட்டது அவனுக்கு.

என்ன ஆயிற்று என்று அம்மாவைக் கேட்டேன்.

"அண்ணன் கழுவீட்டு ஏறி வரட்டும்னு நிக்கறேனுங்க," என்றாள்.

செல்லையாவைப் பார்த்தேன். "தங்கச்சி பிள்ளையக் குளிப்பாட்டி முடிக்கட்டும்னு இருக்கேன்," என்றார்.

நடந்தது இதுதான். அம்மா முதல் வாளி எடுத்து இவனுக்குச் சோப்புப் போட்டிருக்கிறாள். அதற்குள் செல்லையா வந்து பிரஷ்ஷை வைத்திருக்கிறார். வாளித் தண்ணீர் தீர்ந்து, இரண்டாவது வாளிக்கு அவள் போனபோது மூடி மேல் பிரஷ். பிரஷ் இருந்தால் வாளி போடக்கூடாது. அதனால் அவள் நின்றுவிட்டாள். பாதியில் இருப்பவர் முடித்துவிட்டுச் சொல்லாமல் தொட்டியில் இறங்கக்கூடாது. அதனால் அவர் உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் பிரஷ்ஷைப் பார்த்துக் குடத்தை வைத்துவிட்டு நின்றார்கள். யாரும் முறை தவறவில்லை.

"அண்ணா, நீங்க எறங்குங்களேன்," என்றாள் அம்மா.

"அதெப்படி, நீங்க பாதியில நிக்கீங்கல்லா. மொதல்ல முடிங்க."

"பிரஷ் இருக்குதுங்களே."

சரசக்கா பொறுக்காமல், "ரெண்டு பேரும் மரியாதை பாத்துட்டே இருங்க. நாங்க ஊட்டுக்குப் போயிச் சோத்தை நாளைக்கு ஆக்கிக்கறோம்," என்றார்.

அழுகைச் சத்தம் கேட்டு மாடியக்கா இறங்கி வந்தார். வழக்கம்போல நேராகக் கடைசிக் குடத்துக்காரரிடம் போய் எப்போதிலிருந்து நிற்கிறீர்கள் என்று கேட்டார். பிறகு அடுத்தவரைக் கேட்டார். அப்படியே ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு முன்னால் வந்து, கடைசியாகத்தான் சின்னவனைப் பார்த்தார்.

"நீ மொத வாளி எடுத்தப்ப பிரஷ் இருந்துச்சா கண்ணு?" என்று அம்மாவைக் கேட்டார்.

"இல்லீங்கக்கா."

"ரெண்டாவதுக்கு வந்தப்ப?"

"இருந்துச்சுங்க."

பிறகு பிரஷ்ஷை எடுத்துக் கீழே வைத்து, மூடியைத் தள்ளி, தானே ஒரு வாளி முக்கி எடுத்துச் சின்னவன் தலையில் ஊற்றினார். அவன் இன்னும் பலமாகக் கத்தினான்.

"தப்பு உங்க யாரு மேலயும் இல்லீங்க. நான் சொன்ன முறையிலதான் இருக்குது," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் அம்மா கொடுத்தனுப்பிய கோழிக் குழம்பு மூடியபடியே இருந்தது.

தொட்டி முறையை நாங்களே மாற்றிக்கொண்டோம். ஏற்கெனவே கை நனைத்தவர், பிரஷ் இருந்தாலும் எடுக்கலாம்.

கம்ப்யூட்டர் நின்றுபோன காரணத்தை அவர் நம் தொட்டியைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார் என்று காம்பவுண்டில் இன்றும் சொல்வார்கள். அவர் அப்படிச் சொன்னதில்லை. நான் கேட்டதற்கு, "இது புஸ்தகத்துலயே இருக்கறதுங்க. எனக்கும் தெரிஞ்சதுதான். தெரிஞ்சும் நான் தேடாம உட்ட எடம்," என்றார்.

கெர்னலில் நடந்ததும் அதேதான். ஒரு வேலை படிப்பதற்கு உள்ளே போகிறது. நடுவில் ஒரு சின்னக் காரியத்துக்கு இன்னொன்றைக் கூப்பிடுகிறது, அது வேறொன்றைக் கூப்பிடுகிறது. கடைசியாக வருகிறது பாருங்கள், அதற்கு நாம் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறோம் என்று தெரியாது. அது மறுபடியும் வாசலில் போய் அனுமதி கேட்கும். வாசலில் யாரும் இல்லாவிட்டால் உடனே கிடைத்துவிடும். சரியாக அந்த நேரம் பார்த்து எழுதுகிறவர் ஒருவர் வந்து நின்றிருந்தால், அவருக்குப் பின்னால் நிற்க வேண்டும். அவரோ உள்ளே இருப்பவர் முடிப்பதற்காக நிற்கிறார். அதோடு எல்லாம் நின்றுவிடும். எப்போதாவது மட்டும் நடந்ததும், யாருக்கும் அகப்படாததும் அதனால்தான்.

தொட்டிக்கு மாற்றியது போல அதிலும் மாற்றிவிட முடியாதா என்று கேட்டேன். இங்கே யார் கை நனைந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கிறோம், அங்கே பூட்டுக்கு முகம் தெரியாது, உள்ளே எத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும்தான் தெரியும் என்றார். ஒவ்வொரு முகத்தையும் ஞாபகம் வைக்கச் சொன்னால் பூட்டு மெதுவாகிவிடும், அப்புறம் அதை யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்.

எல்லாவற்றையும் விளக்கிப் பொறுப்பாளருக்கு எழுதினார். பதில் வந்த அன்று அவர் முகத்தைப் பார்த்து நல்ல செய்தி என்று தெரிந்துகொண்டோம். உள்ளே இருப்பவர் மறுபடி அனுமதி கேட்கக்கூடாது என்று இவர் ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருந்தாராம். ஆகவே பூட்டில் குற்றமில்லை, முறையை மீறியவர்கள்தான் திருத்திக்கொள்ள வேண்டும், உங்கள் பூட்டு அடுத்த பதிப்பில் இருக்கும் என்று பொறுப்பாளர் எழுதியிருந்தார். அம்மாவுக்கு அதில் பாதிதான் புரிந்தது. இருந்தாலும் வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டாள். இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் உங்களையும் தூக்கிக்கொண்டு நாங்கள் மாடிக்குப் போனோம்.

அவர் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, "எடுத்துடுங்கன்னு எழுதிப் போட்டுட்டேனுங்க," என்றார்.

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. ஜெயித்த பூட்டை எடுத்துவிடச் சொல்லி அவரே எழுதிவிட்டார்.

"இதுக்கா இத்தனை நாள் கண்ணு முழிச்சீங்க?" என்று அம்மா கேட்டாள். அவள் குரலில் கோபம் இருந்தது.

"மீறினது அவங்கதான்னு சொல்றாங்க. மீறறோம்னு அவங்களுக்கே தெரியாது கண்ணு. நீ சோப்புப் போட்டுட்டு நின்னியே, நீ எதை மீறினே? இப்ப உட்டுட்டா நாளைக்கு யாரோ ஒருத்தரோட கம்ப்யூட்டர் நின்னுபோகும். ஏன்னு அவங்களுக்குத் தெரியாது."

அப்படியானால் மறுபடியும் பழைய பூட்டுதானா என்று கேட்டேன். ஆமாம் என்றார். மற்றவர்கள் எழுதியதையெல்லாம் எடுத்துப் படித்து, எங்கெங்கே ஒருவர் உள்ளே இருந்துகொண்டே மறுபடி அனுமதி கேட்கிறார் என்று பார்த்து, ஒவ்வொன்றாகத் திருத்தி, அதை எழுதியவருக்கே அனுப்பி ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு தன் பூட்டை மறுபடி கொண்டுபோய்க் கொடுப்பாராம். எத்தனை இடம் இருக்கும் என்று கேட்டதற்குப் பார்த்தால்தான் தெரியும் என்றார். வீட்டைக் காலி செய்கிற வரை அவர் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். முடிந்ததா, பூட்டு மறுபடி ஏறியதா என்று எனக்குத் தெரியாது.

அன்று நாங்கள் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்று திரும்பிக் கேட்டாள். "அப்ப அந்த எழுத வந்தவரு, வெளிய நிக்கறாருன்னு சொல்லுவீங்களே, அவருங்கக்கா?"

அவர் ஒரு கச்சாயத்தைப் பிட்டுச் சின்னவன் கையில் கொடுத்தார்.

"நிக்கட்டும் கண்ணு," என்றார். "இன்னுங் கொஞ்ச நாளைக்கு அவரு நிக்கட்டும்."

ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிற ஒருவரை இன்னும் நிற்கச் சொல்லி அவர் பேசி நாங்கள் கேட்டது அந்த ஒரு தடவைதான்.